எல்லாம் பச்சை

எளாவூர் ஸ்டேஷனில் காலை லோக்கலுக்கு நிற்கும் கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் வண்டி வருகிறதா என்று சூலூர்ப்பேட்டைப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். இவர் செல்போனைப் பார்ப்பார். ரயில் நிலவரம் சொல்ல அதில் மூன்று ஆப். மூன்றும் ஒரே வண்டியை மூன்று ஊரில் நிறுத்தியிருக்கும். எது சரி என்று ஒப்பிட்டு முடிப்பதற்குள் வண்டி வந்து போயிருக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் போன் சர்வர் இவர் பொறுப்பு. ஓடுவது ஆஸ்டரிஸ்க். 1999-இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர், தன் குட்டிக் கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசில்லாமல் தானே எழுதிக்கொண்டது. அதைக் கண்காணிக்க எந்த டூல் நல்லது என்று நம்மவர் எக்செல்லில் பட்டியல் போட்டார். கல்யாணத்துக்குப் பார்த்தது பத்துப் பொருத்தம், இதற்கு முப்பத்திரண்டு. நாகியோஸுக்கு வயசாகிவிட்டது. ஜாபிக்ஸ் நல்ல இடம், கொஞ்சம் பிகு. பிரோமித்தியஸைக் கூப்பிட்டால், படம் போட கிராஃபானாவும் கூடவே வந்து இறங்கும். முடிவெடுக்க முடியாமல் எல்லோருக்கும் தாம்பூலம் மாற்றி, அந்த ஒரே சர்வரில் குடிவைத்தார்.

"அண்ணே, வெளி கால் வரலையே?" என்றால், "சிபியூ நாலு பர்சென்ட்தாம்பா" என்பார். மூச்சு வரவில்லை என்பவனிடம் சட்டை நன்றாகத்தான் இருக்கிறது என்பது மாதிரி.

ஒரு திங்கட்கிழமை. சுவர் டிவியில் அத்தனை கட்டமும் பச்சை. பத்தரைக்கு கேட் செக்யூரிட்டி அக்கா மூச்சிரைக்க வந்தார். "சார், சுண்ணாம்புக்குளத்துல இருந்து உங்க மாமா என் செல்லுக்குக் கூப்புடுறாரு. ஆபீஸ் நம்பரு காலையிலேருந்து போகலையாம். இறா வேணுமான்னு கேக்குறாரு."

"போகலையா? பச்சையா இருக்கே!"

நோண்டினால், டிஸ்க் நிரம்பிவிட்டது. பேச்சுப் பதிவு, அமுக்காத வேவ் கோப்பாக இருந்தால் மணிக்கு சுமார் 58 எம்.பி. அது தின்றது பாதி. டிஸ்க் நிரம்புகிறதா என்று பார்க்க வந்தவர்கள் எழுதிய லாக் தின்றது மீதி. எழுத இடமில்லாமல் அவர்களும் ராத்திரியே கண்ணை மூடியாயிற்று. டிவியில் இருந்தது ஞாயிற்றுக்கிழமைப் பச்சை.

யோசித்துப் பார்த்தால், தினமும் பத்து மணிக்கு வெளியிலிருந்து டயல் பண்ணி, மணி அடிக்கிறதா, ஆள் எடுக்கிறாரா, குரல் இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்தவர் மாமா ஒருவர்தான். அதுவும் மாப்பிள்ளையின் செல், அலர்ட் தொல்லையால் எப்போதும் சைலண்டில் கிடப்பதால்.

மாமா வலை போடுவது பழவேற்காடு ஏரியில். அங்கே யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பேர்.

நம்மவர் அன்று சாயங்காலமே எக்செல்லில் புது வரிசை சேர்த்தார். டூல்: மாமா. சர்வருக்கு வெளியே இருக்கிறதா: ஆம். அலர்ட்: செக்யூரிட்டி வழியாக. செலவு: வாரம் ஒரு கிலோ இறா. குறை: பாடு வரும் நாட்களில் இயங்காது.