வாசுதேவநல்லூர் மாணவரும் முதன்மைச் சான்றும்: ஒரு தூர ஆய்வு

வாசுதேவநல்லூர் மாணவர் ஒருவர் சரித்திர அசைன்மென்டுக்குப் பழைய ஆதாரம் தேடி எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்று அளப்பதே இவ்வாய்வின் நோக்கம். கருதுகோள்: சண்டை நடந்த இடத்துக்கு வீடு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ, ஆதாரம் அவ்வளவு எட்டத்தில் இருக்கும்.

களத்தில் குறையொன்றும் இல்லை. 1759 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் யூசுப்கான் இவ்வூர்க் கோட்டையை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பினார். 1767இல் அதே கம்பெனியின் கர்னல் டொனால்டு கேம்பெல் பீரங்கிகளோடு வந்தார். குண்டு பிளந்த சுவரை உள்ளே இருந்தவர்கள் வைக்கோலும் மண்ணும் கொண்டு அடைத்தார்கள். கடைசியில் கொட்டும் மழையில் தப்பிப் போனார்கள். கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் பக்கத்தில்தான். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலிலும் அவருக்கு இடம் உண்டு. "புக்கைப் பாத்து எழுதக் கூடாது, பழைய ஆதாரம் வேணும்" என்று சார் சொல்லும்போதுதான் வினை ஆரம்பமாகிறது.

முதல் படையெடுப்பு ஸ்டேஷனரி கடைமேல். அங்கே கிடைக்கும் படத்தாளில் முன்பக்கம் மீசையும் வாளுமாகப் பூலித்தேவர், பின்பக்கம் பத்து வரியில் வாழ்க்கை. அடுத்தது போன வருஷத்து அண்ணனின் நோட்டு. அந்த அண்ணன் அதற்கு முந்தைய அண்ணனைப் பார்த்து எழுதியவர். சுவடி பெயர்த்தெழுதும் மரபு அழிந்துவிட்டதாக வருந்தும் அறிஞர்கள் இந்த நோட்டைப் பார்க்க வேண்டும். பிழைகள்கூட ஒன்று விடாமல் கைமாறியிருக்கின்றன.

அசல் காகிதம் வேண்டுமென்றால் சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும். கம்பெனி அரசின் கடிதப் போக்குவரத்து சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே தீராதது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். அசைன்மென்டுக்கு ஐந்து மதிப்பெண்.

வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாமே என்பார் சிலர். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு அங்கே கிடைக்கத்தான் செய்கிறது. அவருக்கு முன்னால் எழுதிய ராபர்ட் ஓர்ம், கோட்டையின் நீள அகலம் வரை சொல்கிறார். ஆனால் அவர் புத்தகத்தில் ஊர்ப்பெயர் 'வாஷினெலூர்' என்ற மாதிரி அச்சாகியிருக்கிறது. ஊர்ப்பெயரை ஒழுங்காக அடித்துத் தேடும் பிள்ளைக்குக் கிடைப்பது பஸ் நேரமும் அர்த்தநாரீஸ்வரர் கோயில் நடை திறக்கும் நேரமும்தான்.

இனி ஆய்வின் மையச் சிக்கல். 1759 முற்றுகையின்போது ஓர்ம் இந்தியாவிலேயே இல்லை. முந்தைய ஆண்டே கப்பலேறிவிட்டார். பிறர் எழுதியனுப்பிய கடிதங்களைக் கொண்டே எழுதினார். அவர் எழுதியது ஆதாரம். சங்கரன்கோவில் சன்னதியில் பூலித்தேவர் ஜோதியாக மறைந்தார் என்று திண்ணையில் இருந்து தாத்தா சொல்வதும் கேள்விப்பட்டதுதான். அது மட்டும் வாய்வழிக் கதை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் ஒரு அச்சுக்கூடம் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. தாத்தாவை முழுக்க நம்பச் சொல்லவில்லை. ஓர்மையும் அதே கண்ணால் பார்க்கலாம்.

எட்டாம் நாள் இரவு அசைன்மென்ட் முடிகிறது. கடைசித் தாளில், 'ஆதாரம்: தாத்தா'. திரும்பி வரும்போது பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: 'அம்மா வழியா, அப்பா வழியா?'