வூட்லேர்ந்தே வேலை பாக்குற சாமி

இன்னா நைனா, பெங்களூரு கம்பெனிக்குச் சித்தூரு வூட்லேர்ந்தே வேலையாமே? மேல இஸ்திரி சட்டை, கீழ லுங்கி. நடத்து!

“ரொட்டீனே செட்டாவல தாத்தா”ன்னு பொலம்புறியாம். எழுந்துக்க ஒரு ஆப்பு, தண்ணி குடிக்க ஒரு ஆப்பு, மூச்சு வுடறதுக்கும் ஒண்ணு. எல்லாத்தையும் வெச்சிக்கினு பத்து மணிக்கு எழுந்துக்கிறே. பல்லு வெளக்காமயே மீட்டிங்குல “குட் மார்னிங்”. நாத்தம் பெங்களூரு வரைக்கும் போவாதுன்ற தைரியமா?

இங்கேர்ந்து திருப்பதி 70 கிலோமீட்டரு. அங்க மலைமேல ஒருத்தரு எத்தினியோ காலமா வூட்லேர்ந்துதான் வேலை பாக்குறாரு. அவரைப் பாத்துக் கத்துக்கோயேன்.

விடிகாலை 3 மணிவாக்குல சுப்ரபாதம். “இன்னும் அஞ்சு நிமிசம்”னு பொரண்டு படுக்கறாரா? மார்கழியில திருப்பாவை பாடுவாங்க. பாட்டுதான் மாறும், எழுந்துக்கறது மாறாது. அப்பறம் பூமாலை சாத்துற தோமாலை சேவை, அப்பறம் தர்பாரு மாதிரி கொலுவு. பஞ்சாங்கம் படிப்பாங்க, நேத்து உண்டியல்ல வுழுந்த கணக்கைச் சொல்லுவாங்க, எள்ளும் வெல்லமும் படைப்பாங்க. முடிஞ்சுது மீட்டிங். அடுத்த மீட்டிங் எப்போன்னு முடிவு பண்ண இன்னொரு மீட்டிங்கா போடறாங்க?

சாயங்காலம் உள்ளயே அடைஞ்சா கெடக்காரு? வெளிய வந்து, 1008 தீபத்து நடுவுல ஊஞ்சலாடிட்டு, மாட வீதி சுத்துறாரு. ரெண்டு பொண்டாட்டியையும் இட்டுக்கினு! உனக்கு இருக்கறது ஒருத்தி. அவகிட்ட பேசவே காலண்டர்ல எடம் தேடறே.

கூட்டத்தால நடுராத்திரி தாண்டினாலும் ஏகாந்த சேவை தப்பாது. அன்னமய்யா வம்சத்துக்காரங்க தாலாட்டு பாடுவாங்க. கதவைச் சாத்தினா சாத்தினதுதான்.

2020 மார்ச் 20ல கொரோனான்னு தரிசனத்தை நிறுத்தினாங்களே, ஜூன் வரைக்கும் ஜனமே போகல. பாக்கத்தான் ஆளில்லியேன்னு சுப்ரபாதம் பத்து மணிக்குத் தள்ளிப்போச்சா? அந்த வருச பிரம்மோற்சவத்துக்கு மாட வீதி ஊர்வலம் இல்ல, கோயிலுக்குள்ளயே நடத்தினாங்க. நடத்தாம வுடல. நீயோ, கேமராவை அணைச்சா சட்டையையும் கழட்டிடறே.

சிநேகிதம் இல்லேன்னு வேற அழுவுறே. மே மாசம் கங்கம்மா ஜாத்திரையில ஆம்பளைங்க சேலை கட்டி, வேசம் போட்டுத் தெருத்தெருவா வராங்க. நீ கட்டம் கட்டமா தெரியற மூஞ்சிக்கு டாட்டா காட்டிக்கினு கெடக்கே! மாங்கா சீசன்ல ஜூஸ் ஃபேக்டரி வாசல்ல தோதாபுரி ஏத்தின டிராக்டருங்க வரிசை கட்டி நிக்கும். அங்க போயி ரெண்டு பேருகிட்ட வாயக் குடு. வெலை ஏன் வுழுந்துச்சுன்றதுலேர்ந்து எவன் பொண்ணு பாத்தான்றது வரைக்கும் தெரியும். இதுக்கு எந்த ஆப்பு வோணும்?

போ நைனா. பல்லு வெளக்கு, லுங்கிய மாத்து, தெருவுல நட. ராத்திரி ஒரு நேரம் வெச்சுப் பொட்டிய மூடு. மேனேஜரு கத்தினா, “ஏழுமலையானே கதவைச் சாத்துறாரு, நீங்க அவருக்கு மேலயா சார்?”னு தைரியமா கேளு.

கேக்கறப்போ மைக்கு மட்டும் மூடி இருக்குதான்னு பாத்துக்கோ.