அரசாணை படிக்கும் கிருமி

கொரோனாவின் மரபணுவை உலகமெல்லாம் பிரித்துப் பார்த்தார்கள். முள் எப்படி, புரதம் எப்படி, எந்த நாட்டில் என்ன உருமாற்றம் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள். அதன் குணத்தைக் கண்டுபிடித்தது மட்டும் தென்காசிக்காரர்கள். நுண்ணோக்கிகூடத் தேவைப்படவில்லை. 2020 மார்ச் தொடங்கி எங்கள் மாவட்டத்துக்கு வந்த உத்தரவுகளைத் தேதிவாரியாக அடுக்கினோம், விளங்கிவிட்டது. இது படித்த கிருமி. அரசாணை வாசிக்கும். நாள் கிழமை பார்க்கும். தேர்தல் அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்கும். கொடி கட்டிய காரைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி வழிவிடும்.

மாவட்டமே புதிது. 2019 நவம்பர் 22-ல்தான் நெல்லையிலிருந்து பிரித்துத் தந்தார்கள். கலெக்டர் ஆபீசுக்கு எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று ஜனங்கள் கேட்டுப் பழகுவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. பிள்ளை பிறந்த நான்காம் மாதமே கதவைச் சாத்திவிட்டார்கள்.

கிருமியின் முதல் குணம்: அதற்குக் குளிக்கப் பிடிக்கும், குடிக்கப் பிடிக்காது.

ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், சாரல் விழும், குற்றாலத்தில் சீசன் தொடங்கும். சீசன் என்பது வெளியூர்க்காரருக்கு மூன்று நாள் உல்லாசம். உள்ளூரில் அது வருஷத்துச் சாப்பாடு. கடையை ஏலம் எடுத்தவர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவர், நேந்திரங்காய் சிப்ஸ் போடுபவர், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர், லாட்ஜில் பெட்ஷீட் மாற்றும் பையன், ஐந்தருவிக்கு ஆட்டோ ஓட்டுபவர் என்று ஒரு பட்டாளமே மூன்று மாதம் உழைத்து அடுத்த ஒன்பது மாதம் சாப்பிடுகிறது.

2020 சீசனில் அருவிக்கு ஆளில்லை. அந்த வருஷம் டிசம்பரில் குளிக்க அனுமதித்தார்கள். 2021 ஏப்ரலில் மறுபடி தடை. அந்த வருஷ டிசம்பரில் மறுபடி அனுமதி. தேதிகளின் அழகைப் பாருங்கள். சாரல் ஓய்ந்த டிசம்பரில் திறக்கிறார்கள், சாரல் வருமுன் ஏப்ரலில் பூட்டுகிறார்கள். ஊர் பிழைக்கிற மூன்று மாதத்தை மட்டும் இரண்டு வருஷமும் குறி தவறாமல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். பேரருவி கொட்டோ கொட்டென்று கொட்டியது. குரங்குகள் மட்டும் குளித்தன. முகக்கவசம் போடவில்லை, இடைவெளி விடவில்லை, ஒன்றின் மேலும் அபராதம் இல்லை. அவற்றிடம் பர்ஸ் கிடையாது.

இப்போது குடிக்கு வருவோம். 2020 மே 7-ல் சென்னை நீங்கலாகத் தமிழ்நாடு முழுக்க டாஸ்மாக் திறந்தது. அதிலும் என்ன ஒழுங்கு! ஐம்பது வயது தாண்டியவர்களுக்குக் காலை 10 முதல் 1 வரை, நாற்பதிலிருந்து ஐம்பதுக்கு 3 வரை, இளவட்டத்துக்கு 5 வரை. திருப்பூரில் குடையோடு வந்தால்தான் சரக்கு என்றார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் கடைகளை அடைக்கச் சொன்னது. அரசு சும்மா இருக்குமா? உச்ச நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கி வந்து, மே 16-ல் மறுபடி திறந்தது. அருவியைத் திறக்கச் சொல்லி எந்த அரசும் டில்லிக்கு வக்கீல் அனுப்பியதில்லை.

அது அந்த ஆட்சி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆட்சி மாறியது. 2021 ஜூன் 14-ல் 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்தது, தென்காசி அதில் ஒன்று. நிவாரணத்தின் இரண்டாம் தவணை 2,000 ரூபாய் ரேஷன் கடைகளில் கிடைக்கத் தொடங்கியது ஜூன் 15-ல். முதல் நாள் கல்லாவைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் காசைக் கையில் கொடுக்கும் இந்த நிர்வாகத் திறமைக்குத் தனிப் பரிசு வேண்டும். அதே ஜூனில், அதே ஊரில், சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்கரையில் போலீஸ் நின்றது.

அருவியில் கூட்டம் கூடும், தொற்று பரவும் என்றார்கள். நியாயம். ஆனால் கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத அரசா இது? டாஸ்மாக் வாசலில் தெரிந்ததே! கலர் டோக்கன், தரையில் வட்டம், சவுக்குக் கட்டைத் தடுப்பு, ஒலிபெருக்கி, வயதுவாரியாக நேரம். அதில் பாதி வித்தையைப் பழைய குற்றாலத்தில் காட்டியிருந்தால், மங்குஸ்தான் விற்கிறவர் வட்டிக்காரனுக்குப் பயந்து வீட்டுப் பின்வாசல் வழியாகப் போயிருக்க மாட்டார். ஆனால் அருவிக்குளியலால் கஜானாவுக்கு என்ன லாபம்?

இரண்டாவது குணம்: கிருமிக்கு அரசியலில் ஈடுபாடு கிடையாது.

2021 பிப்ரவரி 19. எங்கள் கடையநல்லூர். தேர்தல் பிரசாரத்துக்கு வந்த அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ஊரடங்கு விதிகளை மீறியதாகப் பதிவான சுமார் 10 லட்சம் வழக்குகள் வாபஸ் என்று அறிவித்தார். கூட்டம் கூடியதற்காகப் போட்ட வழக்கைக் கூட்டம் கூட்டித் தள்ளுபடி செய்தார் ஐயா. உலகத்தில் வேறெங்கும் இந்தக் காட்சி கிடைத்திருக்காது, எங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்தது. பத்து லட்சம் பேர் செய்தது குற்றமென்றால் எப்படி வாபஸ்? குற்றமில்லையென்றால் எதற்கு வழக்கு? ஓட்டுக்கு முன்னால் இந்தக் கேள்வியெல்லாம் கேட்கக் கூடாது. ஏற்கெனவே கட்டிய அபராதம் திரும்ப வருமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவனும் அந்த ஊரில்தான் இருந்தான்.

ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. அதுவரை எல்லாக் கட்சிக்காரரும் வேன் மேல் ஏறி நின்று கையசைத்தார்கள். கிருமி பொறுமையாகக் காத்திருந்தது. ஏப்ரல் 8-ல் அறிவிப்பு, ஏப்ரல் 10 முதல் புதிய கட்டுப்பாடுகள். திருவிழாவுக்குத் தடை. கை மை காய்வதற்குள் கோயில் கொடை நின்றுபோயிற்று. இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, அதிகாரிகள் மேல் கொலை வழக்கே போடலாம் என்ற அளவுக்கு ஏப்ரல் 26-ல் சென்னை உயர் நீதிமன்றம் கொதித்தது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. அந்தச் சொல் கடுமையானது என்று அங்கே சொன்னார்கள். சொல்லின் கடுமைக்கு மேல்முறையீடு உண்டு. ஆக்சிஜன் கிடைக்காமல் போனவனுக்கு எந்தக் கோர்ட்டில் மேல்முறையீடு?

அந்த ஆகஸ்டில் கிருமி இன்னொரு படி மேலே போய்க் கிழமை பார்க்கவும் கற்றுக்கொண்டது. வெள்ளி, சனி, ஞாயிறு வழிபாட்டுத் தலங்கள் அடைப்பு. காசி விசுவநாதர், பள்ளிவாசல், மாதா கோயில் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம். அந்த அடைப்பு நீடித்தபோதே தென்காசி உட்பட ஒன்பது மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல், அக்டோபர் 6, 9 என்று இரண்டு கட்டமாக நடந்தது. 9-ஆம் தேதி சனிக்கிழமை. அன்றைக்குக் கோயில் வாசலில் நின்றால் தொற்றும், பள்ளிக்கூடத்து வரிசையில் ஓட்டுப்போட நின்றால் தொற்றாது. சாமி உள்ளே பூட்டில், வேட்பாளர் வெளியே கும்பிட்டபடி. தேர்தல் முடிந்தது, 12-ஆம் தேதி எண்ணினார்கள், 14-ஆம் தேதி அடைப்பு உத்தரவு நீங்கியது. கிருமி சனிக்கிழமையை மறந்துவிட்டது.

மூன்றாவது குணம்: அது பஸ்ஸில் போகும், லாரியில் ஏறாது.

செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். பெண் கொடுத்ததும் எடுத்ததும் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை நீளும். புளியரை சோதனைச் சாவடியில் அந்த உறவை நிறுத்தி வைத்தார்கள். கேரளத்துக்கு மறுபடி பஸ் விட்டது 2021 டிசம்பர் 1-ல். ஆனால் சரக்கு லாரிக்குத் தடையில்லை, காய்கறியானாலும் சரி, கல்லானாலும் சரி. எங்கள் பாறை சுகமாக மலையேறியது. எங்கள் அக்கா தங்கச்சிகள் சாவடிக்கு இந்தப் பக்கம் நின்று போனில் அழுதார்கள்.

2020-ல் இ-பாஸ் என்று ஒரு பூதம் வேறு. பக்கத்து மாவட்டம் போகக் காரணம் வேண்டும். அரசு ஒப்புக்கொண்ட காரணங்கள் கல்யாணம், சாவு, அவசர மருத்துவம். வேலை தேடுவதும், கடனைத் திருப்பிக் கேட்கப் போவதும், பெற்றவளைப் பார்க்கப் போவதும் காரணமில்லை. மனு நிராகரிக்கப்பட்டது, காரணம் தெரியாது. ஆனால் காசு கொடுத்தால் பாஸ் கிடைத்தது, புரோக்கர்கள் கைதானார்கள். விஞ்ஞானபூர்வமான ஏற்பாடு. கிருமியை ரூபாய் நோட்டு கொல்லும் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான்காவதுதான் முக்கியம். கிருமிக்கு ஆள் தராதரம் தெரியும்.

முகக்கவசம் போட வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. அது தும்மலைத் தடுக்கும், மருத்துவர் சொன்னார், கேட்டுக்கொண்டேன். சண்டையெல்லாம் அபராதப் புத்தகத்தோடுதான். 2020 செப்டம்பரில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய், இடைவெளி விடாவிட்டால் 500 என்றார்கள். 2022 ஜனவரியில் முகக்கவசத்துக்கும் 500 ஆக்கினார்கள். அப்போது நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 273 ரூபாய். மூக்குக்குக் கீழே துணி இறங்கினால் ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு போச்சு.

டீக்கடை ஓரம் ஒருவரை நிறுத்துவார்கள்.

“ஏ அண்ணாச்சி, மாஸ்க் எங்க?”

“பையில இருக்கு சார்.”

“மூக்கும் பையிலயா இருக்கு?”

நாலு பேர் சிரிப்பார்கள், ரசீது கிழியும். அந்தப் பக்கமாகவே கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏழு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து, ஒருத்தர் முகத்திலும் துணியில்லாமல் ஒரு வண்டி போகும். அதற்கு சல்யூட். தலைவர்களும் முகக்கவசம் போட்டார்கள்தான். மைக் முன்னால் வந்ததும் கழற்றிவிட்டுப் பேசினார்கள். வாய் திறக்கும்போது கழற்றி, வாய் மூடியதும் மாட்டிக்கொள்கிற இந்த முறையை எந்த மருத்துவப் புத்தகம் சொல்லிக்கொடுத்தது? அதை டிவியில் பார்த்த ஜனம் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டது. ஜனங்களுக்குப் புத்தி இல்லை என்று அப்புறம் அவர்களையே திட்டினார்கள். புத்தி இருந்ததால்தான் விஷயம் விளங்கியது: மாட்டுவது நோய்க்காக இல்லை, போலீசுக்காக.

அந்தப் போலீஸ் பயம் சும்மா வந்ததா? 2020 ஜூன் 19-ல், பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் பிடித்துப் போனார்கள். நான்கு நாளுக்குள் இரண்டு பேரும் பிணம். காவலர்கள் மேல் சி.பி.ஐ. கொலைக் குற்றம் சாட்டியது. உயிரைக் காக்க என்று போட்ட உத்தரவு அது. கடைக் கதவு எத்தனை மணிக்கு மூடியது என்பதற்காகத் தகப்பனும் பிள்ளையும் செத்த ஊரில், விதியை மதியுங்கள் என்று இன்னும் எந்த வாயால் சொல்வது?

நோய் பொய்யில்லை. 2021 மே மாதத்தில் எங்கள் தெருக்களில் பந்தல் போடாமலே இழவு நடந்தது. புது மாவட்டத்துக்குப் போர்டு வைத்தார்கள், அரசு மருத்துவக் கல்லூரி வைக்கவில்லை. மூச்சுத் திணறியவரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கே இடம் உண்டா என்பது போய்ச் சேர்ந்தால்தான் தெரியும். இதற்கு யாரும் யாருக்கும் ரசீது கிழிக்கவில்லை. பீடி சுற்றுகிற ஆலங்குளத்து, கடையத்துப் பெண்களுக்குப் பீடிக்கடை அடைத்திருந்தபோது இலையும் இல்லை, தூளும் இல்லை, கூலியும் இல்லை. அவர்கள் வயிற்றுக்கு எந்த அறிவிப்பிலும் நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

விதியைக் கேலிக்கூத்தாக்கியது தாடையில் துணி மாட்டியவன் இல்லை. ஆளைப் பார்த்து, நாளைப் பார்த்து, கல்லாவைப் பார்த்து அதை வளைத்தவர்கள்தான். நல்ல மருந்தை நாறிய கையால் கொடுத்தால், குடிக்காதவனையா குற்றம் சொல்வது?

இனியும் ஒரு தொற்று வரும். முகக்கவசம் போடச் சொல்லுங்கள், போடுகிறோம். அருவியை அடைக்க வேண்டுமா, அடையுங்கள். ஆனால் அடைக்கிற உத்தரவின் கடைசி வரியில் சீசன் வியாபாரிக்கும், எண்ணெய் தேய்ப்பவருக்கும், பீடி சுற்றுபவளுக்கும் எத்தனை ரூபாய், எந்தத் தேதியில் என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதே சாவியால் டாஸ்மாக்கையும் பூட்டுங்கள். மேடை போட்டால், இடைவெளி விடாததற்கு வைத்தீர்களே 500 ரூபாய், அதைத் தலைக்கு இவ்வளவு என்று மேடை போட்டவரே கட்டட்டும். கூட்டத்தை எண்ண அதிகாரி யாரும் வர வேண்டியதில்லை. பத்தாயிரம் பேர் திரண்டார்கள் என்று மறுநாள் அவர்களே போஸ்டர் ஒட்டுவார்கள். பத்தாயிரம் தலைக்கு 50 லட்சம். போஸ்டரைக் கிழித்துக் கொண்டுபோய் வசூலியுங்கள். ஒரு தேர்தல் முடிவதற்குள் தென்காசிக்கு மருத்துவக் கல்லூரி கட்டிவிடலாம்.