காது குடைதல்: முதல், கரு, உரி

நகம் கடித்தல், மூக்கு நோண்டுதல், காது குடைதல் மூன்றும் ஓய்வுநேரக் கலைகள். முதலிரண்டையும் ஊர் கண்டிக்கிறது. மூன்றாவதைக் கண்டால் மட்டும், "முடிச்சிட்டு அந்த ஊக்கைக் கொஞ்சம் குடு" என்கிறது. இவ்வளவு மக்கள் ஆதரவு பெற்ற துறைக்கு இலக்கணம் இல்லாதது பெருங்குறை. அகத்திணைக்குரிய முப்பொருள் பகுப்பைச் செவியகத்துக்கும் விரித்து அக்குறையைத் தீர்க்க முயல்கிறோம்.

முதற்பொருள்

நிலமாவன: திண்ணை, சாய்வு நாற்காலி, பேருந்தின் ஜன்னலோரம், வியாபாரம் மந்தமான கடையின் கல்லா. சிறுபொழுது, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடைப்பட்ட நண்பகல். பெரும்பொழுது ஆறும் உரித்து.

அகழ்வுக்களம், செவிப்பறை வரை செல்லும் சுமார் 2.5 செ.மீ. நீளக் குழாய். அதன் வெளிப்புற மூன்றிலொரு பங்கில்தான் குறும்பி எனப்படும் காது மெழுகு சுரக்கிறது. அதற்கு அப்பால் கிடைக்கும் புதையல், பெரும்பாலும் அகழ்ந்தவர் முன்பு தள்ளிவைத்ததே.

கருப்பொருள்

உலோக வகை: ஊக்கு, கொண்டை ஊசி, சாவி. மர வகை: தீக்குச்சி, ஈர்க்குச்சி. பறவை வகை: கோழி இறகு. எழுதுபொருள் வகை: பேனா மூடி. இவற்றுக்கெல்லாம் தலையாயது, குறும்பி எடுக்கவே செய்த குறும்பிவாங்கி. டெல்லி வீதிகளில் சிவப்புத் தலைப்பாகையோடு காது குடைவதைத் தொழிலாகவே செய்வோர் தனி மரபினர்.

இக்காலக் கருவி பட்ஸ். 1923இல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டென்சாங் குழந்தைப் பராமரிப்புக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பல டப்பாக்களில் 'காதுக் குழாய்க்குள் விடாதீர்' என்று அச்சிட்டிருக்கிறது. எதற்காக வாங்குகிறோமோ அதற்கே தடை போட்டு விற்கப்படும் பொருள் உலகில் வேறு உண்டா என்பது தனி முனைவர் பட்டத்துக்கு உரிய கேள்வி.

உரிப்பொருள்

கண் சொருகலும் வாய் கோணலும் உரித்தாகும். சிலருக்கு நடுவே வறட்டு இருமல் வரும். திருஷ்டி காரணமல்ல. காதுக் குழாய்க்கு வரும் ஆர்னால்டு நரம்பு, தொண்டைக்கும் கிளை விடும் வேகஸ் நரம்பைச் சேர்ந்தது. காதைத் தொட்டால் தொண்டை பதில் சொல்கிறது.

மறுப்பு

குறும்பி அழுக்கு என்ற அடிப்படையில்தான் இத்துறையே நிற்கிறது. அந்த அடிப்படை தவறு. சுரப்பிநீரும் கொழுப்பும் உதிர்ந்த தோலும் சேர்ந்த அது, சற்றே அமிலத்தன்மை கொண்டு தூசியையும் கிருமியையும் தடுக்கிறது. குழாயின் தோல் செவிப்பறையிலிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்ந்து பழைய குறும்பியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தாடை அசைவு அதற்கு உதவுகிறது. ஆகவே முறுக்கு தின்பதைச் செவிப் பராமரிப்பில் சேர்க்க முழு நியாயம் உண்டு.

குடையக் கையில்லாத நீலத்திமிங்கிலத்தின் காதிலோ குறும்பி அடுக்கடுக்காகச் சேர்கிறது. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள அத்தகைய குறும்பிக் கட்டி ஒன்றை ஆய்வாளர்கள் ஆராய்ந்து, அந்த விலங்கு பட்ட மன அழுத்தத்தையும் அதன் உடலில் சேர்ந்த பூச்சிக்கொல்லியையும் கண்டறிந்து 2013இல் வெளியிட்டார்கள். நம் வரலாறு பட்ஸ் நுனியில் குப்பைக்குப் போகிறது.

அடைப்புக்கு விதி

அடைத்தே விட்டால், வீட்டில் செய்யத்தக்கது இளக்குவது மட்டும். ஒருக்களித்துப் படுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தையோ ஆலிவ் எண்ணெயையோ இரண்டு மூன்று சொட்டு விட்டுச் சற்று நேரம் கிடக்கலாம். சில நாள் தொடர வேண்டும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் சுடும். காதில் செருகிக் கொளுத்தும் மெழுகுவர்த்தி எதையும் உறிஞ்சுவதில்லை, அதுவும் சுடும்.

குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் தலை சுற்றும். காதில் விடும் நீரின் வெப்பநிலைக்கும் தலைசுற்றலுக்கும் உள்ள தொடர்பை விளக்கிய ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டில் அதே சோதனையைச் செய்பவருக்குத் தலைசுற்றல் மட்டும் கிடைக்கும்.

வலி, சீழ், திடீர்க் காது மந்தம், செவிப்பறையில் ஓட்டை, முன்பு நடந்த காது அறுவை சிகிச்சை இவற்றில் ஒன்று இருந்தாலும் சொட்டுகூட வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்க.

முடிபு

ஊக்கு, பொத்தான் அறுந்த சட்டைக்கு. சாவி, பூட்டுக்கு. தீக்குச்சி, அடுப்புக்கு. இறகு, கோழிக்கு. காதுக் குழாய்க்குள் விட, குறும்பிவாங்கி உட்பட, எந்தக் கருவியும் தகுந்ததல்ல. மடலைத் துடைக்கத் துண்டின் முனை போதும்.