‘ஒரே ஒரு எபிசோட் மட்டும் பாருடா’: பரிந்துரையியலில் ஓர் ஆய்வு

ஒரு தொடரைப் பார்க்க ரிமோட் போதும். அதை இன்னொருவர் தலையில் கட்டுவதற்குத்தான் புலமை வேண்டும். அப்புலமைக்கு இலக்கணம் வகுக்க எவரும் முன்வராமையால், ரசிகர்கள் சக ரசிகர்களைப் பிடித்து உட்கார வைத்துப் பரிந்துரைக்கும் ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ தொடரைச் சான்றாகக் கொண்டு நாமே துணிந்தோம்.

முதற்கண் மூல வரலாறு. டெக்சஸ் மாநிலத்து ஒடெஸாவில், பெர்மியன் உயர்நிலைப் பள்ளி அமெரிக்க ஃபுட்பால் அணியின் 1988ஆம் ஆண்டு ஆட்டங்களைக் கூடவே இருந்து பார்த்த செய்தியாளர் பிஸ்ஸிங்கர் 1990இல் ஒரு நூல் எழுதினார். பீட்டர் பெர்க் அதை 2004இல் திரைப்படம் ஆக்கினார். 2006இல் என்பிசி தொலைக்காட்சிக்குத் தொடராகவும் ஆக்கினார். தொடரில் ஊரின் பெயர் டில்லன், கற்பனை ஊர். 2011 வரை ஐந்து சீசன், 76 எபிசோட். இந்தக் கடைசி எண்ணைப் பரிந்துரைக்கும்போது வாய்தவறியும் சொல்லலாகாது.

இனி நூற்பா:

ஆட்டம் அன்றெனத் தொடங்கி ஆட்டமே
காட்டி முடிப்பது பரிந்துரை ஆகும்.

(நாமே யாத்தது. ஏட்டில் தேட வேண்டா.)

‘ஆட்டம் அன்று’ என்றது என்னை? எனின், பரிந்துரைப்போர் எல்லோரும் “இது ஃபுட்பால் கதையே இல்லடா, மனுஷங்க கதை” என்றே வாய் திறப்பர் ஆகலின். கேட்பவரோ விளையாட்டுக் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாதவர். அவரிடம் போய் இப்படிச் சொல்வது, பிரியாணிப் பித்தரிடம் ‘இதில் கறி முக்கியமில்லை’ என்பதோடு ஒக்கும். அவர் முகம் வாடும். உடனே பரிந்துரையாளர் பதறி, சாப்பாட்டு மேசையிலேயே மைதானம் போடுவார். உப்பு டப்பா பந்தை எறியும் குவார்ட்டர்பேக். ஊறுகாய் பாட்டில்கள் அவனைக் காக்கும் வரிசை. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லையேல் பந்து எதிரணிக்கு. விளக்கம் முடிவதற்குள் ரசம் ஆறிவிடும்.

இத்தனையும் வீண் என்பது எம் துணிபு. முதல் எபிசோடே பாடம் நடத்திவிடுகிறது. கல்லூரிகள் எல்லாம் கண் வைத்திருக்கும் நட்சத்திர வீரன் ஜேசன் ஸ்ட்ரீட் ஆட்டத்தின் நடுவே அடிபட்டு விழுகிறான், எழவில்லை. பெஞ்சில் இருந்த மேட் சாரசென் உள்ளே போகிறான். தந்தை ஈராக் போரில். வீட்டில் நினைவு தடுமாறும் பாட்டி. அவளைப் பார்த்துக்கொள்வது இவன்தான். அவன் எறியும் முதல் பந்து சொந்த அணிக்காரன் தலைக்கவசத்தில் போய் இடிக்கிறது. அந்த இடத்தில் விதி தெரியாதவரும் பல்லைக் கடிப்பார்.

பரிந்துரையாளர் அப்போது திரையைப் பார்ப்பதில்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். அவர் பார்ப்பது பார்ப்பவர் கண்களை. ஈரம் தட்டினால் வெற்றி. அந்நேரம் பார்த்து எதிராளி போனை எடுத்தால் நட்பு ஆட்டம் காணும். “கேமரா ஏன் இப்படி ஆடுது?” என்றொரு கேள்வியும் வரும். மூன்று கேமராக்களைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒத்திகை இல்லாமல், நடிகர்களை அவர்கள் போக்கில் விட்டு எடுத்தார்கள் என்பதே சரியான விடை. “சும்மா பாரு” என்பதே வழக்கில் உள்ள விடை.

இத்துறையின் தீராச் சிக்கல் இரண்டாம் சீசன். அதில் ஒரு கொலை வருகிறது. பள்ளிக்கூட ஆட்டக் கதையில் பிணத்துக்கு என்ன வேலை என்று ரசிகர்களே இன்றுவரை தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுக என்பார் ஒரு சாரார். மறைத்துவிடுக என்பார் மற்றொரு சாரார். சீசனையே தாண்டச் சொல்வாரும் உளர். நான்காம் சாரார் ஆபத்தானவர்: ‘எல்லாம் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் வந்தது’ என்று வரலாற்றைத் திரிப்பவர். வேலைநிறுத்தம் தொடங்கியது 2007 நவம்பரில். அதனால் சீசன் 15 எபிசோடோடு அறுந்தது, பல இழைகள் அந்தரத்தில் நின்றன, அது மெய். ஆனால் கொலை அக்டோபரிலேயே, சீசனின் முதல் எபிசோடிலேயே, எழுத்தாளர்கள் முழுச் சம்பளத்தோடு இருக்கும்போதே நடந்து முடிந்துவிட்டது. எம் தீர்ப்பு: சொல்லிவிட வேண்டும். விளையாட்டு ரசிகருக்குத் தான் நம்பிய அணி சொதப்பும் ஆண்டு புதிதன்று.

ஐயம் ஒன்று எஞ்சுகிறது. ஃபுட்பால் கதையே இல்லை என்ற பொய் எங்கிருந்து பிறந்தது? பயிற்சியாளர் எரிக் டெய்லரும் அவர் மனைவி டாமியும் சமையலறையில் நின்று பேசும் காட்சிகளிலிருந்து என்க. ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவதும், பாதிச் சண்டையில் சிரித்துவிடுவதும் பார்த்தவர், தாம் எதற்காக உட்கார்ந்தோம் என்பதை மறந்துபோகிறார். எரிக்காக நடித்த கைல் சாண்ட்லருக்குக் கடைசி சீசனுக்காக 2011இல் எம்மி விருது கிடைத்தது. டாமியாக நடித்த கானி பிரிட்டனுக்குக் கிடைக்காததை ரசிகர் கூட்டம் இன்னும் மன்னிக்கவில்லை, யாமும் மன்னிக்கவில்லை. டெக்சஸில் ஃபுட்பாலா குடும்பமா என்ற கேள்விக்கு அந்த இருவரும் கடைசியில் சொல்லும் விடையை ஈண்டு விரிக்கின் பெருகும். விரித்தால் நண்பர்கள் அடிக்கவும் வருவார்கள்.