தோலுரித்தும் நோகாத சொற்கள்

இங்கிலீஷ்காரன் விட்டுப்போன நன்மைகள் என்று ரயிலையும் தபாலையும் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். திட்டுவதற்கென்றே அவன் விட்டுப்போன வினைச்சொற்களைப் பற்றி ஒருவரும் நல்லதாக நாலு வார்த்தை சொல்வதில்லை. செங்கல்பட்டில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து அந்தச் சொற்களாலேயே சோறு தின்கிறவன் நான். நன்றிக்கடன் எனக்குத்தான் இருக்கிறது.

காலையில் கொளவாய் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வந்து பேப்பரைப் பிரித்தால் புல்லரிக்கிறது. முதல் பக்கத்தில் நீதிமன்றம் ஒரு துறையை 'ராப்' செய்திருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் எதிர்க்கட்சிக்காரர் அமைச்சரை 'ஸ்லாம்' செய்ய, அமைச்சர் திருப்பி அவரை 'ஃப்ளே' செய்திருக்கிறார். உள்ளே ஒரு குழு ஒரு வாரியத்தை 'லாம்பேஸ்ட்' செய்துவிட்டு அறிக்கையை மேசையில் வைத்திருக்கிறது. இத்தனை அடிதடி நடந்த ஊரில் அரசு மருத்துவமனையில் ஒரு கட்டில் கூடுதலாகத் தேவைப்படவில்லை. அடித்தவரும் அடிபட்டவரும் சாயங்காலம் ஒரே கல்யாணத்தில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து பாயசத்துக்குக் காத்திருக்கிறார்கள். அகிம்சைக்குப் பேர்போன நாட்டுக்கு இதைவிடத் தோதான ஆயுதத்தை எவன் செய்து கொடுத்திருப்பான்?

சொற்களின் பூர்வீகத்தைப் பார்த்தால் அவற்றின் பெருந்தன்மை இன்னும் விளங்கும். 'லாம்பேஸ்ட்' என்பதில் முன்பாதிக்கும் அடி என்றுதான் பொருள், பின்பாதிக்கும் அடி என்றுதான் பொருள். 'காஸ்டிகேட்' லத்தீனில் தூய்மை என்ற சொல்லோடு உறவுடையது, அடித்துத் தூய்மையாக்குவது. 'ஃப்ளே' என்றால் தோலை உரிப்பது. 'எக்ஸ்கோரியேட்' என்பதும் அதேதான், லத்தீனில் தோலுக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது. தேர்வில் இது வரும் என்பதால் பிள்ளைகளுக்கு நான் ஒரு செய்முறை விளக்கமும் கொடுப்பதுண்டு. சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் கிளாத்தி மீன் வாங்கியிருக்கிறீர்களா? அதன் தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், அப்படியே குழம்பில் போட முடியாது. மீன்காரம்மா தலைப்பக்கம் கத்தியால் ஒரு கீறு கீறி, விளிம்பை விரலால் இறுகப் பிடித்து, வால்வரை ஒரே இழுப்பாக இழுப்பார். சர்ரென்று சட்டை கழன்ற மாதிரி தோல் கையோடு வந்துவிடும். உள்ளே வெள்ளைச் சதை. இதுதான் 'எக்ஸ்கோரியேட்'.

ஒரு பையன் கேட்டான், "அப்புறம் அந்த மீனு திரும்பக் கடலுக்குப் போகுமா சார்?" விவரம் தெரியாத பையன். கிளாத்திக்கும் அதிகாரிக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். திங்கட்கிழமை தோலுரிக்கப்பட்டவர் செவ்வாய்க்கிழமை அதே தோலோடு, இன்னும் சற்றுத் தடிப்பாக, அலுவலகம் வருகிறார். இந்த அற்புதத்தை லத்தீன்காரன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் சுங்கச்சாவடியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். தென்மாநிலச் சுங்கச்சாவடிகளைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி.யின் அறிக்கை 2023-இல் வெளிவந்தது. ஒரு காலப்பகுதியில் பரனூரைக் கடந்த வண்டிகளில் பாதிக்கு மேல் வி.ஐ.பி. என்று கணக்கில் காட்டப்பட்டிருந்தது அதில் தெரிந்தது. கட்டணம் கட்டிக் கடந்த நம்மைச் சுற்றி அத்தனை பெரிய மனிதர்கள் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்; நாம்தான் கும்பிடத் தவறிவிட்டோம். தணிக்கைக்காரர்கள் எழுத்தில் கஞ்சர்கள். எதைக் கண்டாலும் 'அப்சர்வ்டு' என்று ஒரே வினைச்சொல்தான், ஏதோ பௌர்ணமி நிலாவைப் பார்த்த மாதிரி. அதையே நம் தலைப்புக்காரர்களிடம் கொடுத்துப் பாருங்கள், 'ஸ்லாம்' ஆகிவிடும். நாலே எழுத்து, ஒற்றைப் பத்தியில் அடங்கும், படித்தவனுக்கு யாரையோ நாலு சாத்து சாத்திய நிறைவும் கிடைக்கும். அந்த நிறைவோடு பரனூரில் வரிசையில் நின்றால் ஃபாஸ்டேக்கில் பணம் கழிவது அவ்வளவாக உறைப்பதில்லை.

தமிழ்ப் பத்திரிகைகளும் லேசுப்பட்டவை அல்ல. இங்கிலீஷ்காரர்கள் கசாப்புக் கடையிலிருந்து எடுத்ததை நாம் அடுப்படியிலும் சலவைத் துறையிலும் தேடிப் பிடித்தோம். வறுத்தெடுத்தார், தாளித்தார், காய்ச்சினார், வெளுத்து வாங்கினார், துவைத்துக் காயப்போட்டார். இதில் கடைசி இரண்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். துவைத்துக் காயப்போட்ட பின் சட்டை பளிச்சென்று ஆகிவிடுகிறதே!

நம் முன்னோர்களுக்குத்தான் இந்தச் சொல்வளம் வாய்க்கவில்லை. மாமல்லபுரத்தில் இராமானுச மண்டபத்துத் தரையில் ஒரு பல்லவர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ருத்திரனை நெஞ்சில் வைக்காதவர்களைச் சபிக்கிறது. சபிக்க அவர்களிடம் இருந்தது 'திக்' என்ற ஒரு சொல். அதையே ஆறு தடவை வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் பத்திரிகை மேசையில் கொடுத்திருந்தால் ஆறு இடத்துக்கும் ஆறு வினைச்சொல் போட்டுத் தந்திருப்பார்கள். கொஞ்சம் தள்ளி அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை, கையைத் தலைக்குமேல் தூக்கி நின்று தவம் செய்கிறது, காலடியில் எலிகள். செதுக்கியவனுக்கு 'எக்ஸ்போஸ்' என்ற சொல் தெரியாது, பாவம். பூனையின் பக்தியை அவ்வளவு சிரத்தையாகச் செதுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

எல்லோரிலும் பரிதாபம் ஔவைதான். அதியமானுக்காகத் தூது வந்தது இந்தச் சீமைக்குத்தான், தொண்டைமானிடம். அவன் தன் ஆயுதச்சாலையைத் திறந்து காட்டினான். ஔவைக்கு 'டினவுன்ஸ்' செய்யத் தெரியவில்லை. உன் வேல்கள் மாலை சூடி, நெய் பூசி, காவல் போட்ட மாளிகையில் எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் அல்லவா கிடக்கின்றன என்று பாராட்டிவிட்டாள். ஒரு கடுஞ்சொல் கிடையாது. தலைப்பு போடவே லாயக்கில்லாத பேச்சு.

இந்தக் குறை இன்னும் கடலோரத்தில் நீடிக்கிறது. போன மாதம் அதே கிளாத்திக்காக மீன்காரம்மாவிடம் நின்றேன். தோலுரித்துத் தருவதற்கு இருபது ரூபாய் சேர்த்துக் கேட்டார். பத்து குறைக்கச் சொன்னேன். வெயிலில் கால் மணி நேரம் பேசினேன். தோலோடு என்ன எடை, தோல் போனால் என்ன எடை என்று கணக்கும் போட்டுக் காட்டினேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"சாரு நல்லாப் படிச்சவரு, பாத்தியா? பத்து ரூபாக்கி இம்மாம் நேரம் நிக்கிறாரு. நமக்கு வருமா அந்தப் பொறுமை?"

இருபதையும் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.