லூபஸைக் கண்டுகொள்ளாமலிருக்க எட்டுப் படிகள்

தருமபுரி மாவட்டத்தில் லூபஸோடு வாழும் சகோதரிகளே, பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அண்ணன்மார் பொறுத்துக்கொள்ளுங்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய் இது. தோல், மூட்டு, ரத்தம், நுரையீரல், இதயம், மூளை, சிறுநீரகம் எதையும் விடாது. இத்தனையையும் கண்காணிப்பது கஷ்டம். கண்டுகொள்ளாமலிருப்பது சுலபம். பாதியை நீங்களே செய்துவருகிறீர்கள், மீதியைச் சொல்லித்தருகிறேன்.

1. ஒவ்வொரு தொந்தரவுக்கும் தனித்தனிக் காரணம் வையுங்கள். இரண்டு கன்னமும் சிவந்தால் மங்கு. வாய்ப்புண் வந்தால் உஷ்ணம். மணத்தக்காளிக் கீரை கடையுங்கள். முடி கொட்டினால் ஷாம்பு சரியில்லை. மூட்டு வலித்தால் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு பதில் உண்டு: ஃபுளோரைடு தண்ணீர். அதற்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-லேயே வந்துவிட்டதே என்று யாராவது கேட்டால், “அதுக்கு முன்னாடி குடிச்சது” என்று முடியுங்கள். நான்கையும் ஒரே டாக்டரிடம் ஒரே நாளில் சொல்லிவிடாதீர்கள். சேர்த்துப் பார்த்துவிடுவார்.

2. வெயிலில் நில்லுங்கள். புற ஊதாக் கதிர் பட்டால் நோய் சீறும். பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டமோ, நூறு நாள் வேலையோ, உச்சிவேளையைத் தவறவிடாதீர்கள். புடவைமேல் போட்டுக்கொள்ளும் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை அன்றைக்குப் பார்த்துத் துவைக்கப் போடுங்கள். குடை மழைக்கு மட்டும்.

3. மெடிக்கலில் “ரெண்டு வேளைக்கு வலி மாத்திரை” கேளுங்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை மேலும் வாட்டும். மூட்டு வலி அடங்கும். சிறுநீரகத்தில் வலியே கிடையாது என்பதால் இந்தக் கணக்கு உங்களுக்கு லாபமாகவே தெரியும்.

4. லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை, உடம்பு நன்றாக இருக்கும்போது நிறுத்துங்கள். அது மலேரியா மாத்திரையாம், 2020-இல் கொரோனாவுக்கென்று ஊரே தேடியதாம், கண்ணைக் கெடுக்குமாம். உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், ஆரம்பத்தில் ஒருமுறையும் ஐந்தாண்டுக்குப் பிறகு வருடாவருடமும் விழித்திரையைப் பரிசோதித்தால் கண்ணைக் காக்கலாம் என்று டாக்டர் சொல்வார். கேட்டால் பயம் தெளிந்துவிடும். கேட்காதீர்கள்.

5. ஸ்டீராய்டால் முகம் உப்பும். “நல்லா சதை போட்டிருக்கே” என்று அத்தை மெச்சுவார். அனுபவியுங்கள். பக்கத்து வீட்டு அக்கா “ஸ்டீராய்டு ஆகாதும்மா” என்றதும் அன்றே மொத்தமாக நிறுத்துங்கள். வெளியிலிருந்து மருந்து வந்த காலமெல்லாம் அட்ரினல் சுரப்பி சும்மா இருந்திருக்கும். திடீரென்று வேலை செய்யாது. ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதெல்லாம் பொறுமைசாலிகளுக்கு.

6. சிறுநீரை மட்டும் பரிசோதிக்கவே பரிசோதிக்காதீர்கள். இதுதான் முக்கியப் படி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்; சிறுநீரகம் அழவே அழாது. நுரை வந்தால் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், மறைந்துவிடும். கணுக்கால் வீங்கினால் கொலுசைக் கழற்றுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையே புரதம் ஒழுகுவதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாளில் அரை கிராமுக்கு மேல் போனால் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்க்கும் பேச்சு வரும். அதற்கு இடம் கொடுக்காமல் “கிரியாட்டினின் நார்மல்” என்ற பழைய ரிப்போர்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கிரியாட்டினின் ஏறுவதற்குள் சேதம் நன்றாகவே முன்னேறியிருக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி. பார்க்க ஆள் வீட்டுக்கே வந்தால், மாமியாரைக் கை நீட்டச் சொல்லிவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

7. வரன் வந்தால் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளியுங்கள். கல்யாணம் முடிந்ததும் யாரையும் கேட்காமல் கர்ப்பமாகுங்கள். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கட்டும் என்பார்கள். மைக்கோஃபெனோலேட் மாத்திரையை முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்பார்கள். கர்ப்பத்திலும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைத் தொடரச் சொல்வார்கள். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: மைக்கோஃபெனோலேட்டைத் தொடருங்கள், மற்றதை நிறுத்துங்கள்.

8. சேலத்துக்கு டயாலிசிஸுக்குப் போகும் பஸ்ஸில் யாராவது விசாரித்தால், வீட்டார் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல ஒத்திகை பாருங்கள்: “நல்லாத்தான் இருந்தா. திடீர்னு கிட்னி போயிடுச்சு.” கேட்பவர் உச்சுக்கொட்டுவார். அந்தத் திடீருக்காக நீங்கள் எத்தனை வருடம் உழைத்தீர்கள் என்பதை வெளியே விடாதீர்கள்.